செம்புக்குப் போட்ட சட்டை

மின்சாரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது செம்புக் கம்பிதான். கடைக்குப் போய் ஒயர் வாங்கினாலும், எரிந்துபோன மோட்டாரைச் சுற்றக் கொடுத்தாலும், "சுத்தமான செம்புதானே? எத்தனை கிலோ பிடிக்கும்?" என்றுதான் கேட்கிறோம். அந்தச் செம்பின் மேல் போர்த்தியிருக்கும் பூச்சைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆனால் மோட்டார் எரிவதும், வீட்டில் தீப்பிடிப்பதும், கை வைத்தவருக்கு ஷாக் அடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பூச்சு தோற்றுப்போகும்போதுதான்.

ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதும் வரும் பொம்மனஹள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் ரீவைண்டிங் தொழில் செய்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து இங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் குடும்பங்கள் ஏராளம். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கும் இந்த இடத்தில், செம்புக்குப் போடும் சட்டையைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

அரக்கில் தொடங்கிய கதை

நம் கர்நாடகத்திலிருந்தே தொடங்குவோம். 1902-ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சுரங்கங்களில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சென்ற தமிழர்கள் என்பது நாம் அறிந்ததே. 1905-இல் பெங்களூர் வீதிகளிலும் மின்விளக்கு எரிந்தது.

கம்பங்களின் மேல் ஓடும் கம்பிக்கு மேலுறை ஏதும் தேவைப்படவில்லை. சுற்றிலும் காற்று, தாங்கிக்கொள்ளப் பீங்கான், அதுவே போதும். ஆனால் வீட்டுச் சுவரிலும் மோட்டாரின் வயிற்றிலும் கம்பியோடு கம்பி ஒட்டிக்கொண்டு கிடக்கிறதே, அங்கே என்ன செய்வது? அந்தக் காலத்தில் பருத்தி நூலையும் பட்டு நூலையும் கம்பியில் சுற்றினார்கள். ரப்பரால் மூடினார்கள். நூலுக்குள் ஈரம் புகாமலிருக்க அரக்கைக் கரைத்துப் பூசினார்கள்.

அரக்கு நம் நாட்டுப் பொருள். ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரக்கும் இயற்கைப் பிசின். உலகம் முழுவதற்கும் இது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போயிற்று. மின்சாரத்தை நன்றாகவே தடுக்கும். குறை என்னவென்றால், சூடு பட்டால் இளகும். நெருப்புப் பட்டால் எரியும். பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் எதனால் மாளிகை கட்டச் செய்தான் என்பதைத் தெருக்கூத்து பார்த்த நம் கிராமத்துப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்!

மின்தொழில் வளர வளர அரக்கு போதவில்லை, விலையும் ஏறியது. அதற்கு மாற்றுத் தேடிய லியோ பேக்லண்ட் என்ற பெல்ஜிய நாட்டு வேதியியலறிஞர், அமெரிக்காவில் 1907-இல் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒரு செயற்கைப் பிசினை உண்டாக்கினார். அதுதான் பேக்லைட். பழைய வீடுகளில் 'டக்' என்று கனமாக விழும் கறுப்பு சுவிட்சுகளைப் பார்த்திருப்பீர்களே, அவை பேக்லைட்டால் ஆனவை. முழுக்க முழுக்க மனிதன் செய்த முதல் பிளாஸ்டிக் இதுவே. நம் அரக்குக்குப் பதிலாகப் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம்.

இட்லியும் வெல்லப்பாகும்

அதன் பிறகு எத்தனையோ பிசின்கள் வந்துவிட்டன. இவற்றை 'பாலிமர்' என்கிறோம். சிறு மூலக்கூறுகள் பூச்சரம்போல ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு நிற்பதுதான் பாலிமர். பெயர்கள் பல இருந்தாலும் குணத்தில் இரண்டே சாதிதான். அதைத் தெரிந்துகொள்ள நம் சமையலறையே போதும்.

வெல்லப்பாகைப் பாருங்கள். ஆறினால் இறுகும், மறுபடி அடுப்பில் வைத்தால் இளகும். ஒயரின் மேலுறையாக வரும் பி.வி.சி. இந்த வகை. எத்தனை முறை சூடாக்கினாலும் இளகிக்கொடுக்கும்.

இட்லி அப்படியல்ல. ஒருமுறை ஆவியில் வெந்துவிட்டால் பிறகு என்ன செய்தாலும் அது மாவாகாது. பேக்லைட், எபாக்ஸி, மோட்டாரில் ஊற்றும் வார்னிஷ் எல்லாம் இந்த வகை. சூட்டினாலோ, கூடச் சேர்க்கும் ஹார்ட்னராலோ சரங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு வலையாகிவிடும். அதன் பிறகு உருகாது. அளவுக்கு மீறிச் சூடேறினால் கருகும், அவ்வளவுதான்.

நம் பக்கத்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தினமும் கையாளும் பச்சை நிற சர்க்யூட் போர்டு எதனால் ஆனது தெரியுமா? கண்ணாடி இழைத் துணியில் எபாக்ஸிப் பிசினை ஊறவைத்து அழுத்தியது. அதுவும் வெந்த இட்லிதான்.

மோட்டாரின் வயிற்றுக்குள்

மோட்டார் சுற்றும் எனாமல் கம்பியைப் பார்த்தால் வெறும் செம்புபோலத்தான் பளபளக்கும். உண்மையில் அதன் மேல் தலைமயிரைவிட மெல்லியதாக ஒரு பிசின் தோல் இருக்கிறது. பாலியெஸ்டர், பாலியெஸ்டர் இமைடு போன்ற பிசினைக் கம்பியில் தடவி உலையில் சுட்டு, மறுபடி தடவி மறுபடி சுட்டு, இப்படிப் பல தடவை செய்து ஏற்றிய தோல் அது. ஒரேயடியாகத் தடித்துப் பூசினால் குமிழி விழும், ஓட்டை விழும். தரமான கம்பியில் கீழே ஒரு பிசினும் அதன்மேல் பாலியமைடு இமைடு என்ற உறுதியான இன்னொரு பிசினும் இருக்கும்.

கம்பிக்குத் தோல் இருக்கும்போது மேலும் வார்னிஷ் எதற்கு என்று கேட்கலாம். நம் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதனால் காயிலில் உள்ள ஒவ்வொரு சுற்றும் நொடிக்கு 100 முறை அதிர்கிறது. கட்டிப்போடாவிட்டால் கம்பியும் கம்பியும் உரசி அந்த மெல்லிய தோல் தேய்ந்துபோகும். வார்னிஷ் அத்தனை சுற்றுகளையும் ஒரே கட்டையாக ஒட்டவைக்கிறது. இடுக்கிலுள்ள காற்றை விரட்டுவதால் சூடு சீக்கிரம் வெளியேறுகிறது. ஈரமும் பஞ்சுத்தூசும் உள்ளே நுழைவதில்லை.

இதைச் செய்யும் முறைதான் முக்கியம். ஸ்டேட்டரை முதலில் சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும். பிறகு வார்னிஷில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருக்க வேண்டும். எடுத்து வடியவிட்டு, அடுப்பில் 120, 130 டிகிரியில், அந்த வார்னிஷுக்குச் சொல்லப்பட்ட மணிநேரம் வேகவைக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு தையல் ஆலையின் கிளட்ச் மோட்டார் என் கடைக்கு வந்தது. வேறொரு கடையில் சுற்றி மூன்றே மாதம்தான் ஆகியிருந்தது. கொண்டுவந்த மெக்கானிக் பையன், "அண்ணே, செம்பெல்லாம் புதுசுதான் போட்டாங்க. எப்படிண்ணே அதுக்குள்ள போச்சு?" என்றான். பிரித்துப் பார்த்தேன். வெளியே வார்னிஷ் கண்ணாடிபோல மின்னியது. ஸ்லாட்டுக்குள் விரலை விட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. வெயிலில் காயவைத்துக் கொடுத்திருக்கிறார்கள்! "செம்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ளே போட்ட சட்டைதான் இன்னும் காயலை" என்றேன். மாவு வேகாமல் இட்லி எப்படி வரும்?

போர்வெல் மோட்டார் விஷயமும் இப்படித்தான். எண்ணெய் நிரப்பிய மோட்டாருக்குத்தான் எனாமல் கம்பியும் வார்னிஷும். தண்ணீர் நிரப்பிய மோட்டாருக்குப் பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலின் படலம் சுற்றிய தனிக் கம்பி உண்டு. அதற்கு வார்னிஷே கிடையாது. ஆள் மாற்றிச் சட்டை போட்டால் பொருந்துமா?

பத்து டிகிரிக் கணக்கு

மின்காப்புப் பொருள்களை அவை தாங்கும் சூட்டை வைத்து வகுத்திருக்கிறார்கள். 'ஏ' வகுப்பு 105 டிகிரி, 'இ' 120, 'பி' 130, 'எஃப்' 155, 'எச்' 180. மோட்டாரின் பெயர்ப்பலகையில் இந்த எழுத்து இருக்கும். 'எஃப்' என்று எழுதிய மோட்டாருக்கு 'பி' வகுப்புப் பொருள்களைப் போட்டுச் சுற்றினால் அது பழைய மோட்டார் ஆகாது.

தொழிலில் உள்ளவர்கள் மறக்கக்கூடாத கணக்கு ஒன்று உண்டு. தாங்கக்கூடிய சூட்டுக்கு மேல் ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் பாதியாகிவிடும். இருபது டிகிரி கூடினால் கால்வாசி. பிசின் ஒரே நாளில் சாவதில்லை. உள்ளுக்குள் காய்ந்து, வெடிப்பு விட்டு, ஒருநாள் திடீரென்று கைவிடுகிறது.

வாடகை வீட்டுச் சுவருக்குள்

இதே கணக்குதான் நாம் குடியிருக்கும் வீட்டுக்கும். சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி வரைதான் தாங்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் குழாய்க்குள் போகும்போது ஏறக்குறைய 11 முதல் 13 ஆம்பியர் வரைதான் சுமக்கும். காலை ஆறு மணிக்கு ஷீட் போட்ட ஒற்றை அறை வீட்டை நினைத்துப் பாருங்கள். ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். ஒரே சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் பலகை. அதில் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பி, பக்கத்திலேயே 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு. இரண்டும் சேர்ந்து 15 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும் என்பது விதி. சுவருக்குள் வெல்லப்பாகு இளகத் தொடங்குகிறது, நமக்குத் தெரிவதில்லை.

பி.வி.சி. எரிந்தால் வரும் கரும்புகை தீயைவிடக் கொடியது. கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு அதில் இருக்கிறது. 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூர் பழைய விமானநிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில், மின்கம்பிகள் செல்லும் பகுதியில் தீப்பிடித்துப் புகை மேல்மாடிகளை நிறைத்தது. ஒன்பது பேர் மாண்டார்கள். புகை தாங்காமல் சிலர் சன்னல் வழியே குதித்தார்கள். இன்று கடைகளில் 'எஃப்.ஆர்.' என்று தீ பரவாத ஒயரும், 'எஃப்.ஆர்.எல்.எஸ்.' என்று புகையும் குறைவாக வரும் ஒயரும் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல்தான். உயிரின் விலையோடு ஒப்பிட்டால்?

நாம் செய்யக்கூடியவை

ஒயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 'ஐ.எஸ். 694' என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹீட்டருக்கும் இண்டக்ஷன் அடுப்புக்கும் தனித்தனிப் பெரிய சாக்கெட் வேண்டும். அது இல்லாத வீட்டில் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

சுவிட்சுப் பலகை தொட்டால் சுடுகிறதா, மீன் அழுகினாற்போல வாடை வருகிறதா? உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்.சி.பி. மாற்றச் சொல்லாதீர்கள். அது ஒயரைக் காக்க வந்த காவல்காரன்.

புது வாடகை வீட்டுக்குப் போகும்போது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வைத்துத் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மோட்டார் சுற்றக் கொடுத்தால், எந்த வகுப்புக் கம்பி, அடுப்பில் வேகவைப்பார்களா, மெக்கர் வைத்துச் சோதித்துத் தருவார்களா என்று கேளுங்கள். பழைய காயிலைத் தீயிட்டு எரித்து எடுக்கும் கடைக்குப் போகாதீர்கள். அதில் ஸ்டேட்டர் தகடுகளின் காப்பும் சேர்ந்து கருகி, மோட்டார் கூடுதலாகச் சூடாகும்.

கடைசியாக, இந்தத் தொழிலில் இருக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். வார்னிஷ் கரைப்பானின் ஆவி தலைசுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் முக்காதீர்கள். எபாக்ஸி ஹார்ட்னர் தோலில் பட்டுப் பட்டு அரிப்பும் கொப்புளமும் கொண்டுவரும். கையுறை இல்லாமல் கலக்காதீர்கள். நம் பெங்களூரிலேயே 1960-இல் தொடங்கப்பட்ட மத்திய மின்னாற்றல் ஆராய்ச்சி நிலையத்தில் மின்காப்புப் பொருள்களை ஆராய்ந்து சோதிக்கிறார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஸ்டேட்டர் முன் உட்கார்ந்திருக்கும் தம்பி, ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்தால், இப்போது விரலால் அறிந்ததை அங்கே கருவியால் அளக்கும் வேலைக்கும் போகலாம். மாலை வகுப்பில் சேர நினைக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மணிநேரம் முன்னதாகச் சோறு போடுங்கள். கடைக்காரர்கள் ஒரு மணிநேரம் முன்னதாக அனுப்பிவையுங்கள். நானும் அப்படித்தான் செய்துவருகிறேன்.