காற்றை எதிர்த்து ஓடும் பாதை

அருப்புக்கோட்டை சாலையில் தினமும் பேருந்தில் போய்வரும் காரியாபட்டி மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பெருங்குடி விமான நிலையம் வெள்ளைக்காரன் சண்டைக்காகப் போட்டது என்கிறார் தாத்தா. உண்மையா?"

உண்மைதான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லாம் குண்டுவீச்சுக்கு ஆளாயின. தென்னிந்தியாவைக் காக்க அவசர அவசரமாக விமானத்தளங்கள் தேவைப்பட்டன. சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று போர்க்காலத் தளங்களின் வரிசை நீளும். பெருங்குடியில் இருக்கும் மதுரைத் தளத்தை 1942இல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியது.

என்னை மிகவும் கவர்வது ஓடுபாதை கிடக்கும் திசை. பட்டம் விடுகிற பையன் காற்றுக்கு எதிராகத்தான் ஓடுவான், விமானமும் அப்படியே. எதிர்க்காற்று இருந்தால் இறக்கை சீக்கிரம் தூக்கும், குறைந்த தூரத்திலேயே எழும்பிவிடலாம். இங்கிலாந்தில் காற்று அடிக்கடி திசை மாறும் என்பதால், போர்க்கால குண்டுவீச்சு விமானத்தளங்களில் ஒன்றையொன்று வெட்டும் மூன்று ஓடுபாதைகளைப் போட்டார்கள். முதன்மையானது 2,000 கஜம், மற்ற இரண்டும் 1,400 கஜம்.

மதுரையில் இன்று இருப்பது கிழக்கு மேற்காக ஒன்றுதான். அதன் பெயர் 09/27. திசைகாட்டியின் பாகையில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் வரும் எண் அது: 90 கிழக்கு, 270 மேற்கு. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது விமானம் 27இல் மேற்கு நோக்கி எழும்பும்; ஐப்பசிக்குப் பின் வாடை வரும்போது 09இல் கிழக்கு நோக்கி. புஞ்சைக்காரர் விதைப்புக்குக் கணிக்கும் அதே காற்றுகள்தான்.

மதுரைத் தளம் பிழைத்துக்கொண்டது. சோழவரத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. கயத்தாறு வட்டாரத்தில் இன்று காற்றாலைகளைப் பரிசோதிக்கும் தேசிய நிலையம் இருக்கிறது. ஆனால் செட்டிநாட்டிலும் உளுந்தூர்பேட்டையிலும் பல பத்தாண்டுகளாக ஓடுதளங்கள் வெயிலில் கிடந்தன. கோயில் கல்வெட்டைப் படியெடுக்கிறோம். எண்பது வருடத்து ஓடுதளத்தை முள்ளுக்கு விட்டுவிடுகிறோம். யார் நிலம் போனது, யார் ஜல்லி உடைத்தார்கள் என்பதும் சரித்திரம்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அனுமதி வாங்கி, பிள்ளைகளை ஒரு திசைகாட்டியோடு பழைய ஓடுதளத்துக்கு அழைத்துப் போங்கள். பாகையை அளந்து அதன் எண்ணை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் கேள்விப்பட்டதையும் அந்த நோட்டிலேயே எழுதி வாங்கட்டும்.