விடை கேட்காத வினா

"ஆம் ஐ ஹங்ரி!" என்று ஓர் அமெரிக்கர் சொன்னால், தமக்குப் பசிக்கிறதா என்று அவர் நம்மிடம் விசாரிக்கவில்லை. வயிற்றைக் கிள்ளும் பசி என்கிறார். எழுவாய்க்கு முன்னால் துணைவினை வந்தால் அது கேள்வி என்றுதான் நாம் படித்திருக்கிறோம். வியப்பு வாக்கியம் என்றால் 'வாட்', 'ஹவ்' என்று தொடங்குவது என்றும் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆங்கிலம் பேசுவோர் வாயில் அன்றாடம் புழங்கும் இந்த வகை அந்தப் பாடத்தில் அநேகமாக இடம்பெறுவதில்லை. அதனால்தான் நன்றாக ஆங்கிலம் படித்தவர்கள்கூட இதைக் கேட்டதும் பதில் தேடித் திணறுகிறார்கள். தேட வேண்டியதில்லை. வடிவம் வினாவாக இருந்தாலும் இது வியப்புதான்.

முதல் சான்று குரல். ஆம், இல்லை என்று விடை கேட்கும் வினாவில் குரல் பெரும்பாலும் கடைசியில் ஏறும். இங்கே அழுத்தமாக இறங்கும். அடுத்தது, கூடவோ குறையவோ கூடிய ஒன்றைப் பற்றி மட்டுமே இப்படி வியக்க முடியும். குளிர், பசி, களைப்பு, அழகு எல்லாம் சரி. "இஸ் இட் டியூஸ்டே!" என்று யாரும் வியப்பதில்லை, செவ்வாய்க்கிழமையில் அதிகம், கொஞ்சம் என்று இல்லையே. எல்லாவற்றையும்விட வலுவான சான்று வேறு. "இஸ் இட் கோல்ட்!", "இஸின்ட் இட் கோல்ட்!" இரண்டில் ஒன்று உடன்பாடு, மற்றது எதிர்மறை. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: கடுங்குளிர்.

'பதில் எதிர்பாராத கேள்விகள் எல்லா மொழியிலும் உண்டே, இதுவும் அதில் ஒன்றுதானே' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அத்தகைய கேள்விகள் பொருளைத் தலைகீழாக்கும். "இஸ் தட் ஃபேர்?" என்று கசப்போடு கேட்பவர் அது நியாயமில்லை என்கிறார். எதிர்மறை வியப்பு இந்த விதிக்கு ஒத்துப்போகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உடன்பாட்டு வியப்பு ஒத்துப்போகவில்லை. அந்த விதிப்படி "ஆம் ஐ ஹங்ரி!" என்றால் பசியில்லை என்றல்லவா ஆக வேண்டும்? ராண்டால்ஃப் குவர்க் முதலிய நால்வர் 1985-இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல் இந்த வாக்கியங்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருப்பது காரணத்தோடுதான்.

அப்படியானால் வினா வடிவம் வெறும் கூடுதானா? அங்கேதான் எதிர்மறையும் உடன்பாடும் பிரிகின்றன. "டஸின்ட் ஷி சிங் வெல்!" என்பது பெரும்பாலும் அந்தப் பாட்டைக் கூடவே கேட்டுக்கொண்டிருப்பவரிடம் சொல்லப்படுவது. எத்தனை நன்றாகப் பாடுகிறாள் என்று வியந்து, அவருடைய இசைவையும் கேட்கிறது; வினாவின் சாயல் அதில் இன்னும் மிச்சமிருக்கிறது. "பாய், டிட் ஹி ஷவுட்!" என்பதை நேற்று நடந்ததைப் பார்க்காதவரிடமும் சொல்லலாம், அது சொல்பவருடைய சாட்சியம். எனவே முன்னதற்கு "யெஸ், டஸின்ட் ஷி!" என்று அதே நடையில் சேர்ந்து வியப்பதே இயல்பான மறுமொழி. பின்னதற்கு "ரியலி?" என்று கேட்டால், மீதிக் கதை வந்துவிடும்.