சூரியன் வந்தால் போதுமா?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு விடியற்கால ரயிலில் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? புதுச்சத்திரம் தாண்டி வண்டி வெள்ளாற்றை நெருங்கும்போது, கடல் பக்கமிருந்து கதிரவனின் முதற் கிரணங்கள் நெல் வயல்களின்மேல் வந்து விழும். "பயிர்களெல்லாம் ஒளியை உண்ணத் தொடங்கிவிட்டன" என்று நமக்குத் தோன்றும். உண்மை அவ்வளவு சுலபமானதன்று. வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் இலை முழு வேகத்துடன் வேலை செய்வதில்லை. அடுப்பு மூட்டியவுடனே சோறு வெந்துவிடுகிறதா, என்ன?

இலையின் சமையலுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் கரியமில வாயுவும் வேண்டும். காற்றின் பத்தாயிரம் பங்கில் கரியமில வாயு சுமார் 4 பங்குதான். அந்தச் சொற்பத்திலிருந்துதான் நாம் உண்ணும் அரிசியும் கரும்பின் இனிப்பும் உண்டாகின்றன.

இந்த விந்தையை நம் தேசத்தில் ஜகதீச சந்திர போஸ் ஆழ்ந்து ஆராய்ந்தார். நீர்ச்செடியிலிருந்து எழும் பிராணவாயுக் குமிழிகளைத் தானே பதிவு செய்யும் கருவி அமைத்து, 1924-ல் ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவில் மெல்வின் கால்வினும் அவருடைய சகாக்களும், கதிர்வீசும் கரியைப் பாசிக்கு ஊட்டி, இலைக்குள் கரி செல்லும் வழியைக் கண்டறிந்தார்கள். அதற்காகக் கால்வினுக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வழி யாதெனில்: இலைக்குள் 5 கரி அணுக்கள் கொண்ட ஒரு சர்க்கரை காத்திருக்கிறது. அது கரியமில வாயுவிலிருந்து ஓர் அணுவை ஏற்று, மூன்று மூன்று அணுக்களாக இரண்டாகப் பிரிகிறது. இவ்வாறு உண்டாகும் ஒவ்வோர் 6 துண்டுகளிலும் 5 துண்டுகள் பழைய சர்க்கரையை மறுபடி செய்யவே போய்விடுகின்றன. மிச்சம் ஒன்றே லாபம்.

இருள் நீங்கும்போது இந்த முதல் மிகவும் குறைந்திருக்கும். ஆகையால், கெட்டிக்கார வியாபாரியைப் போல, இலை முதலில் கிடைக்கும் லாபத்தையும் முதலிலேயே சேர்க்கிறது. இதற்கு ஓரிரு நிமிஷங்கள் ஆகும். அடுத்து, கரியமில வாயுவைப் பிடிக்கும் 'ரூபிஸ்கோ' என்னும் புரதத்தில் பெரும் பகுதி இருளில் செயலற்றுக் கிடக்கும். அதைத் தட்டி எழுப்பவே வேறொரு புரதம் இருக்கிறது. அதற்குப் பல நிமிஷங்கள் வேண்டும். இலையின் மூச்சுத் துவாரங்கள் நன்கு திறக்கவோ, சில சமயம் அரை மணி நேரமும் ஆகிவிடும்.

விடியற்காலையில் வெளிச்சம் மெள்ள மெள்ள ஏறுவதால் இந்தத் தாமதம் பெரிதாகத் தோன்றாது. நஷ்டம் வருவது பகலில்தான். ஐப்பசி மாதத்துச் சம்பா வயலை எண்ணிப் பாருங்கள். மேகம் மறைக்கிறது, விலகுகிறது; காற்றில் மேல் இலை அசைய, கீழ் இலையில் வெயில் விழுகிறது, மறைகிறது. நெடுநேரம் நிழலில் கிடந்த இலை விழித்துக்கொள்வதற்குள் வெயில் போய்விடுகிறது! கோதுமையைப் பற்றி 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இத்தகைய தாமதத்தால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உற்பத்தி குறையக்கூடும் என்று மதிப்பிட்டது.

நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு, கரியை முதலில் 4 அணுக்கள் கொண்ட அமிலமாகப் பிடித்து வைக்கும் சாமர்த்தியசாலி. ஆனால் விழித்தெழும் தாமதம் அதற்கும் உண்டு.

நெல்லில் அந்த எழுப்பும் புரதத்தை அதிகப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். இலைகள் முன்னைவிட விரைவாக விழித்தன. எனினும் பரிசோதனைச் சாலையில் கண்ட வேகம் களத்துமேட்டில் நெல் மூட்டையாகக் குவியுமா என்பது வேறு பரீட்சை.

மேகம் விலகுகிறதா என்று வரப்பில் நின்று வானத்தைப் பார்க்கிறார் விவசாயி. அவர் காலடியில் கோடானுகோடி இலைகளும் அதே வெயிலுக்காகக் காத்திருக்கின்றன. வெயில் வந்த பிறகு அவை எழுந்திருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் நம் சோற்றுப் பிடிகள் எத்தனையோ அடங்கியிருக்கின்றன.