ஜோன்சன் வமிச சரித்திரம்

அரச வமிசங்களுக்குச் சரித்திரம் எழுதியோர் பலர். வாணிக வமிசங்களுக்கு எழுதியோர் சிலரே. அக்குறையைத் தீர்க்க முன்வரும் ஒருவர், ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்சன் வமிசத்தை எடுத்துக்கொண்டால், சரித்திரம் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்.

ஆதியில் வொரன் ஜோன்சன் என்னும் ஆசிரியர், விஸ்கொன்சின் மாநிலத்திலே ஆசிரிய கலாசாலையொன்றிற் கற்பித்து வந்தார். குளிர்காலத்தில் வகுப்பறை போதிய வெப்பத்துடன் இருக்கின்றதா என்று பார்க்கச் சிற்றூழியர் அடிக்கடி உள்ளே வருவார். பின்னர் நிலவறைக்குச் சென்று சூட்டைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். பாடமோ நடுவிலே அறுந்துபோகும். இத்தொல்லைக்கு மாற்றுத் தேடிய ஆசிரியர், அறையின் வெப்பநிலையை உணர்த்தும் மின்கருவி ஒன்றை ஆக்கி, 1883 இல் காப்புரிமை பெற்றார். 1885 இல் மில்வோக்கி நகரில் அவருடைய கம்பனி எழுந்தது. ஜோன்சன் கொன்ட்றோல்ஸ் என இன்று வழங்குவது அதுவே.

அறை வெதுவெதுப்பானால் தளமும் நன்றாயிருக்க வேண்டுமல்லவா? அடுத்த ஆண்டே, 1886 இல், மில்வோக்கிக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ரசீன் நகரில், சாமுவேல் ஜோன்சன் என்பவர் மரத்துண்டுகளை அழகுறப் பதித்துத் தளமிடும் தொழிலொன்றை விலைக்கு வாங்கினார். தளமிட்டுக்கொண்டவர்கள் அதனைப் பேணும் வழி யாதென வினவினர். அவர் மெழுகு செய்து கொடுத்தார். நாளடைவில் மெழுகு விற்பனை தளத்தொழிலையே விஞ்சிவிட்டது.

மெழுகிட்ட தளத்தில் மனிதர் வழுக்கி விழுவது இயல்பு. இதனை முன்கூட்டியே உணர்ந்தனர் போலும், அதே 1886 இல், நியூ ஜேர்சி மாநிலத்து நியூ பிறன்ஸ்விக் நகரிலே, ரொபேர்ட், ஜேம்ஸ், எட்வேர்ட் என்னும் ஜோன்சன் சகோதரர் மூவர் காயங்களுக்குக் கட்டுத்துணி செய்யத் தலைப்பட்டனர். 1888 இல் முதலுதவிப் பெட்டியும், பின்னர் குழந்தைகளுக்கான பவுடரும் அங்கிருந்து வந்தன.

காயம் ஆறியவனுக்குப் பசிக்கும். ஆகவே 1925 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குவின்சி நகரில் ஹவேர்ட் ஜோன்சன் தோன்றினார். 28 வகை ஐஸ்கிறீமும், செம்மஞ்சள் நிறக் கூரைகளும் அவருடைய உணவுச்சாலைகளை நாடறியச் செய்தன. வமிசம் நிறைவுற்றது.

இச்சரித்திரத்தில் ஆண்டுகள் மெய், ஊர்கள் மெய், மனிதரும் மெய். வமிசம் ஒன்றுதான் பொய். இந்நான்கு நிறுவனங்களைத் தொடங்கியவர்களுள் ஒருவர் கூட மற்றொரு நிறுவனத்தாருக்கு உறவினர் அல்லர்.

ஜோன்சன் என்பதன் பொருள் 'யோனின் மகன்' என்பதே. தமிழர் தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்வர். பேரன் காலத்தில் அவ்வெழுத்து மாறிவிடும். மேல்நாட்டிலோ, என்றோ ஒருநாள் ஒரு யோனுக்குப் பிறந்த மகனின் அடையாளம் தலைமுறை தோறும் உறைந்து நின்றுவிட்டது. யோன்கள் எண்ணற்றோர், ஆகவே ஜோன்சன்களும் எண்ணற்றோர். 2010 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் அமெரிக்காவில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பெயரைத் தாங்கியிருந்தனர். சிமித் என்னும் பெயர் மட்டுமே அதனை முந்தியது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. மெய்யான உறவு மேற்கூறிய சரித்திரத்திலே இடம்பெறவேயில்லை. சகோதரர் மூவருள் எட்வேர்ட் மீட் ஜோன்சன் பிரிந்து சென்று, 1905 இல் தனியே ஒரு கம்பனி தொடங்கினார். குழந்தை உணவுக்குப் பெயர்பெற்ற மீட் ஜோன்சன் அதுவே. உறவில்லாதோர் ஒரு குடும்பமாகத் தோன்ற, உடன்பிறந்தவரோ வெளியே நிற்கின்றார்!

இது வெறும் வேடிக்கையன்று. பெயர் ஒன்றாயின் புகழும் பழியும் முகவரி தவறிச் சென்றுவிடும். கட்டுத்துணிக் கம்பனியின் பங்குகள் 1944 இலேயே பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. மெழுகுக் கம்பனியோ இன்றும் ஸ்தாபகரின் குடும்பத்தார் கையிலேயே உள்ளது. டல்க் கலந்த குழந்தைப் பவுடர் பற்றி வழக்குகள் பெருகி, 2023 இல் அதன் விற்பனை உலகெங்கும் நிறுத்தப்பட்டபோது, மெழுகு செய்வோருக்கு அதில் யாதொரு பங்கும் இருக்கவில்லை. பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு எங்ஙனம் புலப்படும்?

ஊர்ப்பெயரின் ஒலியைக் கொண்டும், குலப்பெயரின் சாயலைக் கொண்டும் பழைய உறவுகளை நாட்டுவோர் எல்லா நாட்டிலும் உளர். அவர் காட்டும் சான்றுகள் தனித்தனியே மெய்யாயிருக்கலாம். அவற்றைக் கோத்த நூல் எங்கிருந்து வந்தது என்பதையே கேட்டறிதல் வேண்டும். பெயர் ஒற்றுமை விசாரணைக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்பு ஆகாது.