பொருத்தப்பட்ட இதயக் கருவிகளின் தொலைக் கண்காணிப்பு

இதயக் கருவிகளின் தொலைக் கண்காணிப்பு என்பது, உடலுக்குள் பொருத்தப்பட்ட இதயக் கருவி சேகரிக்கும் தகவல்களை, நோயாளி வீட்டில் இருக்கும்போதே மருத்துவமனைக்கு அனுப்பும் முறையாகும். துடிப்பு குறையும்போது இதயத்தைத் தூண்டும் பேஸ்மேக்கர், ஆபத்தான மிகைத் துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் டிஃபிபிரிலேட்டர், துடிப்பைப் பதிவு மட்டும் செய்யும் சிறு கருவி ஆகியவை இவ்வாறு கண்காணிக்கப்படுகின்றன.

செயல்படும் விதம்

படுக்கையருகே வைக்கப்படும் அனுப்பி அல்லது திறன்பேசிச் செயலி, கருவியிலிருந்து கம்பியின்றித் தகவலைப் பெறுகிறது. இது பெரும்பாலும் நோயாளி உறங்கும் நேரத்தில் நடைபெறும். தகவல் உற்பத்தி நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்று, மருத்துவப் பணியாளர் பார்க்கும் இணையத்தளத்தில் தோன்றும். மின்கலத்தின் இருப்பு, இதயத்துக்குச் செல்லும் மின்கம்பியின் நிலை, துடிப்புக் கோளாறுகள் முதலியவை இதில் அடங்கும்.

பயன்கள்

2010 இல் வெளியான டிரஸ்ட் ஆய்வில், அமெரிக்காவில் டிஃபிபிரிலேட்டர் பொருத்தப்பட்ட 1,339 பேர் இடம்பெற்றனர். தொலைக் கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு மருத்துவமனையில் செய்யப்படும் கருவிச் சோதனைகள் 45% குறைந்தன. துடிப்புக் கோளாறுகள் மருத்துவர் கவனத்துக்கு வர வழக்கமான முறையில் இடைநிலை அளவாக 36 நாட்கள் ஆயின. தொலைக் கண்காணிப்பில் 2 நாட்களுக்கும் குறைவாகவே ஆனது.

வேலைப்பளு

நோயாளியின் வருகை குறைந்தாலும் வேலை மறைவதில்லை; சோதனை அறையிலிருந்து கணினித் திரைக்கு மாறுகிறது. வரும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் பயிற்சி பெற்ற ஒருவர் படித்து, உண்மையானதா எனத் தீர்மானித்து, பதிவு செய்து, தேவையெனில் நோயாளியை அழைக்க வேண்டும். துடிப்புப் பதிவுக் கருவிகள் தவறான எச்சரிக்கைகளை அதிகம் தருகின்றன. இணைப்பு துண்டிக்கப்பட்டவர்களைத் தொடர்பு கொள்வதும் அன்றாடப் பணியாகிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி இணையத்தளம் இருப்பது சுமையைக் கூட்டுகிறது. பணியாளர் போதாத இடத்தில், உயிர் காக்கும் ஓர் எச்சரிக்கை பல வீண் எச்சரிக்கைகளுக்கு இடையே கவனிக்கப்படாமல் போகக்கூடும்.

இதனால், பன்னாட்டு இதயத் துடிப்பியல் அமைப்புகள் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டல், 1,000 நோயாளிகளுக்குக் குறைந்தது 3 முழுநேரப் பணியாளர்கள் தேவை எனப் பரிந்துரைக்கிறது. எச்சரிக்கை வரம்புகளை ஒவ்வொருவரின் நோய்நிலைக்கு ஏற்ப மாற்றியமைப்பதும் சுமையைக் குறைக்கும். எடுத்துக்காட்டாக, ஏட்ரியல் ஃபிப்ரிலேசன் இருப்பது முன்பே தெரிந்து, அதற்கான சிகிச்சையும் பெற்றுவருபவருக்கு அதே எச்சரிக்கை மீண்டும் மீண்டும் வரத் தேவையில்லை.

வரம்புகள்

தொலைக் கண்காணிப்பு அவசர மருத்துவச் சேவை அன்று. இரவிலோ விடுமுறையிலோ வரும் எச்சரிக்கை அடுத்த வேலைநாளில்தான் பார்க்கப்படலாம். எனவே மயக்கம், நெஞ்சுவலி, அடுத்தடுத்த மின்னதிர்ச்சி ஆகியவை ஏற்பட்டால், அழைப்பு வரும் எனக் காத்திராமல் நோயாளி உடனே அவசர சிகிச்சையை நாட வேண்டும்.