கம்பி அறுந்தும் நிற்காத மோட்டார்

"மூளைச்சாவு என்று டாக்டர் சொன்ன பிறகும் நெஞ்சு துடிக்கிறதே, உயிர் போய்விட்டது என்று எப்படி ஒப்புக்கொள்வது?" படாளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு அவருடைய மாவட்டத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் அருகே நடந்த விபத்தில் ஹிதேந்திரன் என்ற சிறுவன் மூளைச்சாவு அடைந்தபோது வயது 15. பெற்றோர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவருமே மருத்துவர்கள். மகனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்த இதயம், 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது.

நாலு அறை, நாலு வால்வு எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சூட்சுமம் வலது மேலறையின் ஓரத்தில் இருக்கிறது. அங்குள்ள சின்னத் திசு முடிச்சு, யாரும் சொல்லாமலே மின்துடிப்பை எழுப்புகிறது. படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் கழனிகளில், கம்பத்திலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினால் பம்ப்செட் நின்றுவிடும். இதயம் நரம்பை வெட்டினாலும் நிற்காது. அதன் கரண்ட் அதற்குள்ளேயே பிறக்கிறது. மூளை இல்லாமல் முடியாதது மூச்சுதான். மூளைத்தண்டு செத்தவருக்கு வென்டிலேட்டர் காற்றை ஊட்டும்வரை இதயம் ஓடும். எடுத்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். சட்டமும் விட்டேற்றியாக இல்லை. 4 மருத்துவர்கள் சான்று தர வேண்டும்; சோதனையை 6 மணி நேரம் விட்டு மறுபடியும் செய்ய வேண்டும்.

இதயத்தை மாற்றலாம், மூளையை மாற்ற வழியில்லை. இது தெரிந்தும் ஜி.எஸ்.டி. சாலையில் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறார்களே, பார்க்கவே மனசு பதைக்கிறது. உறுப்புதான அட்டை வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஐ.சி.யூ. வாசலில் கையெழுத்துப் போடப்போவது உங்கள் வீட்டார். அவர்களிடம் இப்போதே பேசிவையுங்கள்.

மாற்றிப் பொருத்திய இதயத்தின் நடத்தைதான் எனக்குத் தீராத வியப்பு. சாதாரணமாக வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கி, நிமிடத்துக்கு 70 சொச்சத்தில் வைத்திருக்கிறது. இதயத்தை மாற்றும்போது அந்த நரம்பு அறுந்துவிடுவதால் அடக்க ஆளில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே 90, 100 என்று அடிக்கும். அப்படிப்பட்ட ஒருவர் திருக்கழுக்குன்றம் மலைப்படி ஏறுகிறார் என்று வையுங்கள். நமக்கு ஏறத் தொடங்கியதுமே துடிப்பு கூடும். அவருக்கு முதல் சில படிகளில் பெரிதாக எதுவும் மாறாது. அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகே வேகம் பிடிக்கும். மேலே போய் உட்கார்ந்த பிறகும் அது சட்டென்று இறங்காது. அதனால் எதையும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வலியைச் சொல்லும் நரம்பும் அறுபட்டதுதானே. பின்னாளில் ரத்தக்குழாய் அடைத்தாலும் நெஞ்சுவலி பெரும்பாலும் தெரியாது. ஆகவே நோவு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னாலும், குறித்த காலத்தில் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள்.