ஒலிக்கு மூன்று மடை!



காதில் செருகிக்கொள்ளும் வயர் இல்லாத இயர்பட் இப்போது பலர் வீட்டுக்கும் வந்துவிட்டது. அண்ணனோ அக்காவோ வாங்கி வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் பாடம் கேட்க நீங்களும் அதை எடுத்து மாட்டிக்கொள்கிறீர்கள். சில நாள் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. சில நாள் காதே கிழிகிறது. ஏன் இப்படி? வாருங்கள், பார்ப்போம்.

நீலப் பல் ராஜா

கம்ப்யூட்டருக்கும் இயர்பட்டுக்கும் நடுவே ஒலி ரேடியோ அலையாகப் பயணம் செய்கிறது. இந்த முறைக்குப் புளூடூத் என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசரின் பட்டப்பெயர் அது! ‘நீலப் பல்’ என்று பொருள். பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவர் அவர். வெவ்வேறு கருவிகளை ஒன்றுசேர்க்கும் இந்த முறைக்கும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கண்மாயும் வாய்மடையும்

நம் புதுக்கோட்டை மாவட்டம் குளமும் கண்மாயும் நிறைந்த பூமி. கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு எப்படி வருகிறது? முதலில் கரையில் இருக்கும் மடையைத் திறக்கிறார்கள். தண்ணீர் வாய்க்காலில் ஓடி வருகிறது. கடைசியில் வரப்பை வெட்டி வாய்மடை திறக்கிறார்கள். மேலே மடையைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, கீழே வாய்மடையை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் தண்ணீர் வருமா? வராது அல்லவா!

ஒலிக்கும் அப்படித்தான். அதற்கு மூன்று மடைகள் உண்டு.

முதல் மடை, நீங்கள் பார்க்கும் யூடியூப் போன்ற செயலியில் இருக்கிறது. படத்தின் கீழே சிறிய ஒலிபெருக்கி அடையாளம் தெரியும். அதன் அருகே உள்ள கோட்டை நகர்த்தினால் ஒலி கூடும், குறையும்.

இரண்டாவது மடை கம்ப்யூட்டரில் இருக்கிறது. விண்டோஸ் என்றால் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஒலிபெருக்கி அடையாளத்தைச் சொடுக்குங்கள். 0 முதல் 100 வரை நகரும் கோடு வரும். விசைப்பலகையிலும் இதற்குத் தனி விசைகள் இருக்கும்.

மூன்றாவது மடை இயர்பட்டிலேயே இருக்கிறது. சிலவற்றில் விரலால் தடவ வேண்டும், சிலவற்றில் தட்ட வேண்டும். சிலவற்றில் இந்த வசதியே இருக்காது. டப்பாவுக்குள் இருக்கும் தாளைப் படித்தால் தெரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் மாநில அரசு 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் காலத்துப் பழைய கணினியில் புளூடூத் வசதி இருந்தால், இரண்டாவது மடையும் மூன்றாவது மடையும் தனித்தனியாக வேலை செய்யும். 2018-க்குப் பிறகு வந்த விண்டோஸில் பெரும்பாலான இயர்பட்டுகளுக்கு இவை இரண்டும் சேர்ந்தே நகரும். ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும்.

எதை முதலில் திறப்பது?

இயர்பட்டைக் காதில் மாட்டும் முன் கம்ப்யூட்டரின் ஒலியை 20-க்குக் குறையுங்கள். இது ரொம்ப முக்கியம். ஒவ்வொரு இயர்பட்டுக்கும் கடைசியாக வைத்த அளவை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும். நேற்று அண்ணன் 100-இல் வைத்துப் பாட்டுக் கேட்டிருந்தால், இன்று அதே சத்தம் உங்கள் காதில் இடியாக இறங்கும்!

அடுத்து, செயலியின் ஒலியை முழுவதும் கூட்டிவிடுங்கள். இயர்பட்டில் தனி மடை இருந்தால் அதைப் பாதியில் வையுங்கள். இனிக் கம்ப்யூட்டரின் கோட்டை மட்டும் மெல்ல மெல்ல நகர்த்துங்கள். பேச்சு தெளிவாகக் கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள்.

அப்படியும் கேட்கவில்லையா? ஒலி இயர்பட்டுக்குப் போகாமல் கம்ப்யூட்டரின் சொந்த ஒலிபெருக்கிக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒலிக்கோட்டின் பக்கத்திலேயே கருவியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. இயர்பட்டின் வலையில் காதுக் குரும்பி அடைத்திருந்தாலும் சத்தம் குறையும். உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், வலை கிழிந்துவிடும்.

காதுக்குள் ஒரு நத்தை

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கிறீர்களா? நம் உள்காதில் நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிர் செல்கள் உள்ளன. ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்புவதற்கு உதவுபவை அவைதாம். பேரோசை தொடர்ந்து தாக்கினால் அவை மடிந்துபோகும். வெட்டிய தலைமுடி வளரும். இவை மறுபடி முளைப்பதே இல்லை.

ஒலியை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் இருக்கும். பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் ஆனால் வெறும் 4 மணி நேரம்தான்! 10 கூடினால் நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது, பார்த்தீர்களா? குழந்தைகளுக்கு இன்னும் கண்டிப்பு: 75 டெசிபல், 40 மணி நேரம்.

பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘கவனிக்காதவன்’ என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் காது சரியாகக் கேட்பதில்லை. கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே காலம் தள்ளுவார்கள். பாடம் பாதி விட்டுப்போகும். பாவம், திட்டும் வாங்குவார்கள். அந்த நிலை உங்களில் எவருக்கும் வரக்கூடாது.

நம் குடுமியான்மலைக்குப் போயிருக்கிறீர்களா? ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இசையின் சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்த இடம் அது. இசைக்குப் பேர்போன மண்ணில் பிறந்த நமக்குக் காது ஒரு சொத்து!

மறக்காதீர்கள்!

* கம்ப்யூட்டரின் ஒலி 60-ஐத் தாண்ட வேண்டாம்.
* கை நீட்டும் தூரத்தில் நின்று அம்மா பேசுவது கேட்கவில்லையா? உடனே ஒலியைக் குறையுங்கள்.
* ஒரு பாடம் முடிந்ததும் இயர்பட்டைக் கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.
* காதுக்குள் ‘கொய்ங்’ என்ற ரீங்காரம் கேட்டால் மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் காது டாக்டரைப் பார்க்கலாம்.
* சாலையில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் இயர்பட் வேண்டவே வேண்டாம்.

இன்றே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று மடைகளையும் கண்டுபிடியுங்கள். பிறகு அண்ணனுக்கும் அக்காவுக்கும் நீங்களே ஆசிரியராகிச் சொல்லிக்கொடுங்கள்!